ஓட்டு இல்லாத ஆசான்

பௌஹவுஸ் என்றால் நம்மவர்களுக்கு க்ளேயும் காண்டின்ஸ்கியும்தான். மாக்ஸ் க்ரேஹான் என்ற குயவரை யாரும் சொல்வதில்லை. கைவினைஞரும் வடிவமைப்பாளரும் பொதுமக்களும் கூடிக் கற்கும் நிலையங்களுக்கு இன்று திட்டம் போடுகிறவர்கள் கட்டிட வரைபடத்தைத்தான் முதலில் விரிக்கிறார்கள். க்ரேஹானின் கதை அவர்களுக்கு உபயோகப்படலாம்.

1919 ஏப்ரலில் வைமாரில் வால்ட்டர் க்ரோப்பியஸ் பள்ளியைத் துவக்கியபோது, கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் அடிப்படையில் பேதமில்லை என்று பிரகடனம் செய்தார். கைத்திறனும் வடிவப் பிரக்ஞையும் ஒருசேர அமைந்த ஆசிரியர்கள் அப்போது கிடைக்கவில்லை. ஆகவே பட்டறைக்கு இரண்டு ஆசான்கள்: வடிவத்துக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பள்ளியின் காரியங்களைத் தீர்மானித்த ஆசான்கள் சபையில் தொழில் ஆசான்களுக்கு ஓட்டு கிடையாது. நெசவுப் பட்டறையில் ஹெலீன் பெர்னர் கற்றுத் தந்தார், தறிகளே அவருடையவை. ஓட்டு மட்டும் இல்லை. (வங்கியில் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு, ஒரு ஸ்தாபனத்தின் பிரகடனத்தைவிட அங்கே யாருடைய கையெழுத்து செல்லும் என்பதைத்தான் பார்க்கத் தோன்றுகிறது.)

மண்பாண்டப் பட்டறை மட்டும் வைமாரில் இல்லை. அதற்கு வசதி கிடைக்காமல் 1920-ல் டோர்ன்பர்க் என்ற சிற்றூருக்குப் போனார்கள். அங்கே க்ரேஹான், பரம்பரைக் குயவர், தம் சொந்தப் பட்டறையில் தொழில் செய்துகொண்டிருந்தார். பள்ளிதான் அவரிடம் வந்து சேர்ந்தது. சக்கரமும் விறகுச் சூளையும் அவருடையவை. வடிவ ஆசானான சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ், க்ரேஹான் வனைந்த ஜாடிகளின்மீது கீறியும் வரைந்தும் சித்திரம் தீட்டினார். ஒரே ஜாடியில் இரண்டு கைகள். சபையில் சாத்தியமாகாத சமத்துவம் இங்கே சாத்தியமாயிற்று. காரணம் க்ரோப்பியஸின் தத்துவம் அல்ல, இடம் குயவருடையது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

இங்கே கற்ற ஓட்டோ லிண்டிக்கும் தியோடர் போக்லரும் சக்கரத்திலேயே நின்றுவிடவில்லை. போக்லர் 1923-ல் தேநீர்க் கெண்டியின் பாகங்களைத் தனித்தனியே அச்சில் வார்த்து, ஒரே உடலுக்குக் கைப்பிடியையும் மூக்கையும் மாற்றிப் பொருத்தினார். சம்பிரதாயக் குயவரிடம் கற்றவர்களிடமிருந்துதான் ஆலைக்கான வடிவமும் வந்தது. கைவினை பழமையில் தேங்கும் என்போர் இதைக் கவனிக்கவேண்டும்.

பொதுமக்கள்? 1923 ஆகஸ்ட், செப்டம்பரில் பெரிய கண்காட்சி. உதவித்தொகை கொடுத்த அரசாங்கம் பலனைக் காட்டச் சொன்னதன் விளைவு அது. மக்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அவர்களும் கற்பதற்கு வேண்டிய இடம் அந்த வரைபடத்தில் இல்லவே இல்லை. 1924 தேர்தலில் வலதுசாரிகள் வென்று மானியத்தை வெட்டியபோது, தெருவில் நின்று பள்ளிக்காகப் பேச வைமார் நகரத்துச் சாதாரண ஜனங்களுக்கு என்ன பந்தம் இருந்தது?

1925-ல் பள்ளி டெஸ்ஸாவுக்குப் போயிற்று. பழைய மாணவர்கள் சிலரே ஆசான்களாகிவிட்டதால் இரட்டை ஆசான் முறை கைவிடப்பட்டது. மண்பாண்டப் பட்டறை கூடப் போகவில்லை. அதே வருஷம் க்ரேஹான் இறந்தார். மார்க்ஸ் ஹாலேக்குப் போனார். லிண்டிக் டோர்ன்பர்க்கிலேயே தங்கி, 1947 வரை பானை வனைந்துகொண்டிருந்தார்.