லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகுதா? பவர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கல்லூரி விண்ணப்பம், வேலைவாய்ப்புப் பதிவு, கடைக் கணக்கு என அவசரமாக எதையாவது செய்யும்போதுதான் லேப்டாப் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, கீபோர்டு வேலை செய்யாது. உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் பலரின் பழக்கம். அப்படிச் செய்தால் சேமிக்காத வேலை மொத்தமும் போய்விடும். சில நேரம் திறந்திருந்த ஃபைலும் கெட்டுப்போகும்.

'மெஷின் பழசாயிடுச்சு' என்று நினைக்கிறோம். ஆனால், கட்டுப்பாடில்லாமல் ஓடும் ஒரே ஒரு புரோகிராம்கூட மொத்த லேப்டாப்பையும் முடக்கிவிடும். இதை முன்கூட்டியே தடுக்க முடியும்.

ஏன் ஹேங் ஆகுது?

மேலூர் பக்கத்து விவசாயிகளுக்கு இது எளிதாகப் புரியும். பெரியாறு கால்வாயில் தலைமடையிலேயே தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டால், கடைமடைக்கு எதுவும் வராது. அதனால்தான் முறை வைத்து தண்ணீர் விடுகிறார்கள்.

கம்ப்யூட்டரில் பிராசஸர் நேரம் இப்படி முறை வைத்துத்தான் பிரிக்கப்படுகிறது. ஆனால் ராம் அப்படி இல்லை. நாம் வரம்பு வைக்காவிட்டால், ஒரு புரோகிராம் கேட்கக் கேட்க போய்க்கொண்டே இருக்கும். ராம் நிரம்பியதும், கம்ப்யூட்டர் அதிலிருப்பதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க் பல மடங்கு மெதுவானது. அந்த நேரத்தில்தான் ஸ்கிரீன் உறைந்து போகிறது.

விண்டோஸில் என்ன செய்யலாம்?

* கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைத் தொட்டால், அதிகம் விழுங்கும் புரோகிராம் மேலே வரும். அதைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் போதும். மற்ற வேலைகள் தப்பிக்கும்.
* அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், லேப்டாப் ஆன் ஆனதும் தானாக ஓடும் தேவையில்லாத புரோகிராம்களை நிறுத்திவிடுங்கள்.
* குரோம் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' வசதியை ஆன் செய்யலாம். பயன்படுத்தாத டேப்களிலிருந்து ராமை அது விடுவிக்கும்.

அரசு லேப்டாப்பில் இருக்கும் வசதி

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தது. இதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். இதுபோன்ற லினக்ஸில், ஹேங் ஆவதற்கு முன்பே தடுக்கும் ஒரு கட்டளை உண்டு. பெயர் 'யூலிமிட்'.

சி, பைத்தான் என புரோகிராமிங் கற்கும் மாணவர்களுக்கு இது ரொம்பவே உதவும். எழுதிய கோடில் முடிவே இல்லாத லூப் வந்து, அது ராமைத் தின்றுகொண்டே போனால் சிக்கல்தானே? டெர்மினலில் யூலிமிட் கட்டளையுடன் மைனஸ் அடையாளம், வி என்ற ஆங்கில சிறிய எழுத்து, பிறகு 1048576 என்று கொடுத்தால், அந்த டெர்மினலில் ஓடும் எந்த புரோகிராமும் 1 ஜிபிக்கு மேல் மெமரி கேட்க முடியாது. கேட்டால் கிடைக்காது, பெரும்பாலும் அந்த புரோகிராம் மட்டும் நின்றுவிடும், லேப்டாப் ஓடும்.

வி-க்குப் பதில் டி கொடுத்து 10 என்று போட்டால், 10 விநாடிக்கு மேல் பிராசஸர் நேரம் எடுக்கும் புரோகிராம் நிறுத்தப்படும். யூ கொடுத்தால் எத்தனை புரோகிராம்கள் ஓடலாம் என்ற எண்ணிக்கைக்கு வரம்பு. தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகும் புரோகிராம்களைத் தடுப்பது இதுதான்.

டெர்மினலை மூடினால் இந்த வரம்புகளும் போய்விடும். அதனால் பயப்படாமல் முயற்சி செய்து பார்க்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான்

2019 ஜூலை 2-ம் தேதி, உலகம் முழுக்க ஏராளமான இணையதளங்கள் சுமார் 27 நிமிடம் முடங்கின. அவற்றைத் தாங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஃபயர்வாலில் சேர்த்த ஒரே ஒரு விதி, சர்வர்களின் பிராசஸரை மொத்தமாக விழுங்கியதுதான் காரணம். அப்படி நடக்காமல் தடுத்திருக்கக்கூடிய ஒரு பாதுகாப்பு வரம்பு, சில வாரங்களுக்கு முன் தவறுதலாக நீக்கப்பட்டிருந்தது என அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தது.

கவனிக்க வேண்டியது

வரம்பை ரொம்ப குறைவாக வைத்தால் நல்ல புரோகிராமும் ஓடாது. பிரவுசர், வீடியோ எடிட்டிங் போன்றவை இயல்பாகவே அதிக மெமரி கேட்கும். அவற்றுக்கு 1 ஜிபி வரம்பு சரிப்படாது. சந்தேகத்துக்குரிய புரோகிராமுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். டாஸ்க் மேனேஜரும் திறக்காத நிலையில், சில நிமிடம் காத்திருந்து பார்த்த பிறகு, கடைசி வழியாக மட்டும் பவர் பட்டனைத் தொடுங்கள்.