ஜீவபலி: கொல்லிமலையை அருகில் வைத்து ரோமர் 12:1-2

ரோமர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் முதல் இரண்டு வசனங்களைப் பிரசங்கத்தில் கேட்டிராத தமிழ்க் கிறிஸ்தவர் யாரும் இருக்க முடியாது. கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி இரவில், கீபோர்டு மெல்ல ஒலிக்க, ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கும்படி பிரசங்கியார் அழைக்கும்போது பெரும்பாலும் இந்த வசனங்கள்தான் கையில் இருக்கும். எழுந்து நிற்கிறோம், அழுகிறோம், வீட்டுக்கு வந்து படுக்கிறோம். அந்த அழைப்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் பவுல் கேட்பது அந்த இரவோடு தீர்ந்துவிடும் காரியமல்ல. வசனத்தைத் துண்டுதுண்டாக எடுத்து வாசித்தால் அது தெரியும். துணைக்கு, இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் ஊழியம் செய்து அங்கேயே மண்ணில் வைக்கப்பட்ட ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியின் வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இரக்கங்கள்

பவுல் இங்கே வேண்டிக்கொள்கிறார், கட்டளையிடவில்லை. வேண்டுதலுக்கு அவர் காட்டும் ஒரே ஆதாரம் தேவனுடைய இரக்கங்கள். முந்தின பதினொரு அதிகாரங்களும் அவற்றைத்தான் பேசின. யூதனுக்கும் கிரேக்கனுக்கும் தலைநிமிர ஒன்றுமில்லை, நீதி இலவசமாய் வந்தது, காட்டு ஒலிவக் கிளை நல்ல மரத்தில் ஒட்டவைக்கப்பட்டது. இத்தனையும் வாங்கியாயிற்று, ஆகையால் இப்போது கொடுங்கள் என்கிறார்.

இந்த வரிசை முக்கியம். நம் ஊரில் நேர்த்திக்கடன் எல்லா மதத்துக்கும் பொது. பிள்ளை பிறந்தால் மொட்டை, விசா கிடைத்தால் ஆலயத்துக்குக் காணிக்கை. ஒப்புக்கொடுத்தலையும் நாம் அதே கணக்கில் எழுதிவிடுகிறோம்: நான் என்னைத் தருகிறேன், நீர் என் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். இந்த வசனத்தில் அப்படிப்பட்ட பேரத்துக்கு இடமில்லை. கடவுள் தரவேண்டிய பாக்கி எதுவும் இல்லாத இடத்தில்தான் பேச்சே தொடங்குகிறது.

சரீரங்கள்

இருதயத்தைத் தருகிறேன் என்று பாடுகிறோம். பவுல் சரீரத்தைக் கேட்கிறார். இந்த வசனத்தில் நாம் மிக வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இதுதான். சரீரம் என்றால் கால், கை, தூக்கம், வயிறு, காய்ச்சல், வயது. இருதயத்தைத் தந்தேனா இல்லையா என்பதை எனக்கே தெரியாமல் மறைத்துக்கொள்ளலாம். கால் எங்கே நடந்தது என்பதை மறைக்க முடியாது. இந்த நிருபமே ஒரு பெண்ணின் காலை நம்பி ரோமாபுரிக்குப் போயிருக்கவேண்டும். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி கடைசி அதிகாரத்தில் பவுல் கேட்டுக்கொள்கிறார். கடிதத்தைக் கொண்டுபோனவர் அவர்தான் என்பதே பொதுவான கருத்து.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இந்தியா வந்தார். கட்டட வேலை தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். அடிவாரத்தில் சேந்தமங்கலம். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற மலைக்கு அன்று நடந்துதான் போகவேண்டும், முடியாதவர்களை டோலியில் தூக்கவேண்டும். மேலே மலேரியா. சமவெளிக்காரர்கள் அந்த மலையில் இராத்தங்கவே பயந்தார்கள். லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879இல் பிறந்த ஈவ்லினை 1913இல் மணந்து, அவரையும் அழைத்துக்கொண்டு ஜெஸ்ஸி மலையேறினார்.

அங்கே அவர்கள் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று நரம்புச் சிலந்தி. இன்றைய வாசகர்கள் பலர் பெயரே கேட்டிருக்க மாட்டார்கள். 2000இல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அசுத்தமான தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும் புழு, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலைகாட்டும். வெள்ளை நூல் மாதிரி இருக்கும், ஒரு மீட்டர் நீளம்கூட வளரும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே தங்கின துண்டு சீழ்பிடித்துக் காலையே கெடுக்கும். அதனால் வெளியே வந்த முனையை ஒரு சிறு குச்சியில் சுற்றவேண்டும். கொஞ்சம் சுற்றி, இறுக்கம் தெரிந்ததும் நிறுத்தி, குச்சியைக் காலோடு கட்டிவிடவேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம். முழுப் புழுவும் வர நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். தகப்பனார் இப்படிக் குச்சி சுற்றுவதைச் சிறுவனாகப் பார்த்ததை மகன் பால் பிராண்ட் பின்னாளில் எழுதினார். புழுவை எடுத்ததோடு ஜெஸ்ஸி நிற்கவில்லை. புண் உள்ள கால் தண்ணீரில் படும்போது புழு தன் குஞ்சுகளை விடுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த புழு. ஆகவே காலை நனைக்காமல் மேலிருந்து இறைக்கும் கிணறு வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னார்.

முதல் சில ஆண்டுகளில் மலையில் யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. பிறகு உலகத்தை உலுக்கிய இன்ஃப்ளூயன்ஸா கொல்லிமலைக்கும் வந்தது. நோய் கண்ட வீடுகளுக்குப் போக ஊரார் பயந்தபோது பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகக் கொண்டுபோனார்கள். அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் காய்ச்சலில் விழுந்தார். சாகுமுன் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தக் குழந்தையை ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலைமக்களில் சிலர் சபைக்கு வரத் தொடங்கினார்கள். பிரசங்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூசாரி தன் பிள்ளையை ஒரு போதனையிடம் ஒப்படைக்கவில்லை, தன் வாசல் வரை வந்த இரண்டு பேரிடம் ஒப்படைத்தார்.

ஜீவபலி

கொல்லிமலைக்காரர்களுக்குப் பலி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆடோ கோழியோ, சாமி முன்னால் நின்றது வீட்டுக்குத் திரும்பாது. கொடையும் இந்த மலைக்குப் பழக்கந்தான், கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆனால் வள்ளல் தன்னிடம் இருப்பதை அள்ளிக் கொடுக்கிறான், கொடுத்தபிறகும் வள்ளலாகவே இருக்கிறான். பவுல் கேட்கும் பலியில் கொடுப்பவனே பலிப்பொருள். அதோடு, அவன் சாகக் கூடாது, உயிரோடு இருக்கவேண்டும். செத்த ஆட்டுக்கு மறுநாள் காலை என்று ஒன்றில்லை. உயிருள்ள பலிக்கு ஒவ்வொரு காலையும் உண்டு, ஒவ்வொரு காலையும் பீடத்தைவிட்டு இறங்கிப் போகவும் வழியுண்டு.

1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி, சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல் அது. அவர் முடித்துவிட்டார். ஈவ்லினுக்கு அப்போது 50 வயது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் அங்கேயே இருந்துவிட்டிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். போனார், திரும்பியும் வந்தார். வசனத்தின் கஷ்டமான பாதி அவருக்கு விழுந்தது என்பேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1923இல் ஒன்பது வயதுப் பாலையும் அவன் தங்கையையும் படிப்புக்காக லண்டனில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். மகன் தகப்பனை அதற்குப்பின் பார்க்கவில்லை. ஜெஸ்ஸி இறந்த செய்தி தந்தியில் போய்விட்டது. அவர் எழுதிய கடிதங்களோ கப்பலில் மெதுவாக வந்து, அதற்குப் பிறகும் சில வாரங்கள் மகன் கைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. அக்கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம்தான். வழக்கம் என்பதால் வலி குறையாது. பவுல் உங்கள் சரீரங்களை என்கிறார், உங்கள் பிள்ளைகளின் சரீரங்களை அல்ல. தன்னைப் படைப்பவர் பக்கத்தில் இருப்பவரையும் கேட்காமல் சேர்த்துப் படைத்துவிடும் ஆபத்து ஊழியக்காரர் வீடுகளில் இன்றும் இருக்கிறது. பால் பிராண்ட் பெற்றோரைக் கசப்போடு நினைக்கவில்லை என்பது அவருடைய கிருபை. அதை வைத்து அந்தப் பிரிவுக்கு நாம் நியாயம் கற்பிக்க முடியாது.

புத்தியுள்ள ஆராதனை

கிணறு வெட்டச் சொன்னதை மேலே சொன்னேன், பலியைப் பவுல் புத்தியுள்ள ஆராதனை என்று அழைப்பதற்கு அதுவே உரை. புத்தியைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வரும் ஆராதனையைப் பவுல் கேட்கவில்லை. ஜெபித்துக்கொண்டே புழுவுள்ள தண்ணீரைக் குடிப்பது விசுவாசமாகாது.

வேஷமும் மறுரூபமும்

இந்த உலகத்துக்கு ஒத்த வேஷம் வேண்டாம் என்கிறது இரண்டாம் வசனம். நம் பிரசங்கங்களில் இந்த உலகம் என்றால் சினிமா, நகை, இப்போது செல்போன். அவற்றைப் பற்றிப் பேசவேண்டியது இருக்கலாம். ஆனால் பவுல் அடுத்த மூச்சிலேயே மனதைப் பற்றிப் பேசுகிறார். மாறவேண்டியது எண்ணும் விதம். காதில் தோடில்லாத பெண்ணும் சாதி பார்த்துப் பிள்ளைக்கு வரன் தேடலாம், அங்கே கழற்றப்படாத வேஷம் எது என்பது தெரியும்.

உலகத்தின் வேஷம் சபைக்குள்ளும் இருக்கும். 1947இல் ஈவ்லினுக்கு 68 வயது. இன்னொரு தவணை தரமுடியாது, ஓய்வுபெற வேண்டும் என்றது மிஷன். எந்த அலுவலகமும் அதைத்தான் சொல்லும். ஒரே ஒரு வருடம் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வந்தார். அந்த வருடம் முடிந்து வழியனுப்பக் கூடினவர்களிடம், மிஷனிலிருந்து ஓய்வுபெறுகிறேன், மலையிலிருந்து அல்ல என்ற கருத்தில் தன் திட்டத்தை வெளியிட்டார். கல்வராயன் மலைக்குப் போனார், கொல்லிமலையைச் சுற்றியுள்ள மற்ற மலைகளிலும் அலைந்தார். மட்டக்குதிரையில் ஏறுவார், விழுவார், எலும்பு முறியும், தேறியதும் மறுபடி ஏறுவார். பிறகு இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். கடைசி இருபது வருடங்கள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. மலைகளில் அவர் பெயர் கிரானி பிராண்ட், பிராண்ட் பாட்டி.

மகன் அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். உடம்பு என்பது என்ன என்று உலகத்துக்கே எழுதிக் காட்டின மருத்துவர். எழுபது வயதைத் தாண்டிய தாய் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது, இனி மலை வேண்டாம், மருத்துவர் அருகில் இருங்கள் என்று மன்றாடினார். கடவுளுக்குத் தேவையான இடத்தில் பயன்படாவிட்டால் இந்தப் பழைய உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்ய என்பது தாய் தந்த பதிலின் சாரம். முதல் வசனத்தின் சரீரம் இரண்டாம் வசனத்தின் புதிதான மனதோடு அந்தப் பதிலில் சேர்ந்துவிடுகிறது.

மறுரூபத்தின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விசுவாசத்தில் வளர்வது அந்தக் குச்சி சுற்றும் வேலையைப் போல. ஒரே இழுப்பில் வெளியே எடுக்க நினைத்தவர்கள் அறுத்துக்கொண்டு, முன்னைவிட மோசமாக நொண்டுவதை எல்லாச் சபையிலும் பார்க்கிறோம். இன்று வருகிற அளவு இன்று, மீதி நாளை.

சித்தத்தைப் பகுத்தறிதல்

நம் வாலிபர் கூட்டங்களில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி தேவசித்தம் எது என்பதுதான். எந்த வேலை, எந்தப் பெண், எந்த ஊர். சித்தம் தெரிந்தால் ஒப்புக்கொடுப்போம் என்று காத்திருக்கிறோம். பவுல் அதைக் கடைசியில் வைக்கிறார். முதலில் சரீரம், பிறகு மனம், அதன்பின் அவருடைய சித்தம் நன்மையானது, பிரியமானது, குறைவற்றது என்று பரீட்சித்து அறிவீர்கள். நடந்தால்தான் தெரியும் என்பது இதன் பொருள். 1947இல் ஈவ்லின் கேட்டது ஒரு வருடம். கிடைத்தது 27 வருடங்கள். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தபோது, பெட்டி இல்லாமல், ஒரு பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையின் வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

மூன்றாம் வசனம் இங்கே உரைக்கு வெளியே இருக்கிறது, ஆனாலும் அதைத் தொடாமல் விட மனமில்லை. தன்னைப்பற்றி எண்ணவேண்டிய அளவுக்கு மேல் எண்ணாதிருங்கள் என்ற எச்சரிக்கையைப் பவுல் பலியைப் பற்றிச் சொன்ன கையோடு வைக்கிறார். மனிதரை நன்றாக அறிந்தவர். தன்னைக் கொடுத்துவிட்டேன் என்று நினைப்பவருக்குத்தான் தலைக்கனம் சீக்கிரம் வரும். ஈவ்லின் பிடிவாதக்காரி, அவரோடு வேலை செய்வது எளிதல்ல என்பதை அவரை நேசித்தவர்களே ஒத்துக்கொண்டார்கள். மிஷன் பெரியவர்கள் கவலைப்பட்டதிலும் நியாயம் உண்டு. அந்த எச்சரிக்கைக்குப் பிறகு பவுல் போகிற இடமும் மலையுச்சி அல்ல: போதிப்பவர் போதிக்கட்டும், கொடுப்பவர் வஞ்சனையில்லாமல் கொடுக்கட்டும், குறைவிலிருக்கிறவர்களுக்கு உதவுங்கள், வந்தவர்களை வீட்டில் ஏற்று உபசரியுங்கள் என்று அதிகாரம் முழுக்க வீட்டு வேலைகளாகவே போகிறது.