மெய்யும் மனமும்

உள்ளத்து எழும் உணர்ச்சி உடலிற் புலப்படுதலை நம் முன்னோர் ‘மெய்ப்பாடு’ என்றனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அதனை எண்வகையாக்கித் தொல்காப்பியத்தில் தனி இயலே வகுத்தனர். பிறர் கண்ணுக்குப் புலனாகும் அம்மாற்றத்தை, அது தோன்றும்போதே தன் உடலில் தானே கண்டுகொள்ள இயலுமா? இயலும் என்பது பௌத்தர் கண்ட விடை. பாலி மொழியிலுள்ள சதிபட்டான சூத்திரம் கவனித்தற்குரியனவாக நான்கினைக் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது உடல். அடுத்தது உடலும் உள்ளமும் நுகரும் உணர்ச்சி.

இப்பயிற்சியை அண்மைக் காலத்தில் இல்லறத்தாரிடையே பரப்பியது பர்மா நாடு. லெடி சயாடோ என்னும் துறவியின் வழிவந்த ஊ பா கின், துறவியல்லர். 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். 1952இல் அவர் இரங்கூனில் தியான நிலையம் ஒன்றை நிறுவினார்.

1955இல் அவரை நாடிச் சென்றவர் சத்திய நாராயண கோயங்கா. மாந்தலேயில் 1924இல் பிறந்த மார்வாரி வணிகர். மார்பியா ஊசியன்றித் தணியாத ஒற்றைத் தலைவலி அவரை வாட்டியது. அயல்நாட்டு மருத்துவமும் பயன்தரவில்லை. தலைவலிக்கு மருந்து தேடி வருவதாயின் ஏற்க இயலாது, மனந் தூய்மையுற வருவதாயின் வருக என்றார் ஆசான்.

பயிற்சி பத்து நாள், பேச்சில்லை. முதற்கண் நாசியில் வந்துபோகும் இயல்பான மூச்சைக் கவனித்தல் வேண்டும். பின்னர் உச்சி முதல் உள்ளங்கால் வரை எழும் வெப்பம், துடிப்பு, நமைச்சல், வலி ஆகியவற்றை விருப்பு வெறுப்பின்றி நோக்குதல் வேண்டும். சினம் எழுங்கால் மூச்சு விரைகின்றது; உடல் வெதும்புகின்றது. அதனை அடக்காமலும் கொட்டிவிடாமலும் பார்த்திருப்பின், எழுந்தது தானே தணிகின்றது. இதுவே விபாசனையின் சாரம்.

நோயுற்ற தம் அன்னையை முன்னிட்டு 1969இல் இந்தியா வந்த கோயங்கா, நாம் வாழும் இம்மும்பை நகரிலேயே தம் பெற்றோரும் வேறு சிலரும் கூடிய முதற் பயிற்சியை நடத்தினார். அவ்வாண்டே சென்னையிலும் பயிற்சி நடந்தது. 1976இல் இகத்புரியில் தம்மகிரி நிலையம் தொடங்கியது. 1994இல் தில்லி திகார் சிறையில் ஆயிரம் கைதிகள் ஒருங்கே அமர்ந்து பயின்றனர். 2013இல் கோயங்கா மறைந்தார், பயிற்சி தொடர்கின்றது.

ஊரையும் உற்றாரையும் பிரிந்து வாழும் நாம், துயரை விழுங்கவே பழகியவர்கள். ஊரிலிருந்து வரும் சாவுச் செய்தியையும் மனத்துள் வைத்துக்கொண்டு மறுநாள் மின்சார ரயிலேறி அலுவலகம் செல்கின்றோம். விழுங்கிய துயர் மாலையில் வெகுளியாய் வெளிப்படுகின்றது. அதனைத் தாங்குவோர் நம் வீட்டு மக்களன்றோ? தீராத மனநோய்க்கு மருத்துவரையே நாடல் வேண்டும். ஆயினும் வாசற்படி ஏறுமுன் சிறிது நின்று, தன் மூச்சு எவ்வாறு ஓடுகின்றது என்று பார்ப்பதற்கு எவர் துணையும் வேண்டுவதில்லை. கடுஞ்சொல் பிறக்குமுன் மெய் அதனை அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பைக் கேட்கக் கற்பது நம் இல்லங்களுக்கு நலம் பயக்கும்.