நான்கு சாக்ஸபோன்கள், ஒரு பேனா

பென்னட் லெஸ்டர் கார்ட்டர் 1907 ஆகஸ்ட் 8 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஜாஸ் உலகத்துக்கு அவர் பென்னி கார்ட்டர்; கூட வாசித்தவர்களுக்கு 'கிங்'. ஆல்டோ சாக்ஸபோன் அவருடைய முதன்மை வாத்தியம். ட்ரம்பெட்டில் அவருக்கு இருந்த தேர்ச்சியும் அதற்குக் குறைந்ததல்ல. கிளாரினெட், டெனர் சாக்ஸபோன், பியானோ ஆகியவற்றிலும் அவருடைய இசைத்தட்டுகள் உண்டு. சில தட்டுகளில் பாடியும் இருக்கிறார், அதை அவருடைய ரசிகர்கள்கூட அதிகம் பேசுவதில்லை. இவ்வளவு கைவந்தவரின் பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் பெயர்களைப் போலப் பொதுமக்கள் வரை போய்ச் சேரவில்லை. அவர் செய்த வேலையில் பெரும்பகுதி மேடையில் நடக்காமல் காகிதத்தில் நடந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் அம்மா. பையனுக்கோ ட்ரம்பெட் மேல்தான் ஆசை. அவனுடைய உறவினர் கியூபன் பென்னட் ட்ரம்பெட் கலைஞர். பின்னாளில் எலிங்டன் குழுவில் புகழ்பெற்ற பப்பர் மைலி அதே சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தார். மாதக்கணக்கில் காசு சேர்த்து அடகுக்கடை ஒன்றில் ட்ரம்பெட் வாங்கினான். ஒரு சனி ஞாயிறு முழுக்க ஊதிப் பார்த்தும் மைலியைப் போல வரவில்லை. திங்கட்கிழமைக்குள் அதே கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு சி மெலடி சாக்ஸபோன் ஒன்றை எடுத்து வந்தான். அந்த வாத்தியத்தில் அப்போது பெயர்பெற்றிருந்த பிராங்கி டிரம்பாவரின் இசைத்தட்டுகளே அவனுக்குப் பாடம். பதினைந்து வயதில் ஹார்லெம் இரவு விடுதிகளில் மூத்தவர்களோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். 1925இல் ஓஹையோ மாநிலத்தின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டது படிப்புக்காக. போய்ச் சேர்ந்தது ஹோரஸ் ஹெண்டர்சனின் 'வில்பர்ஃபோர்ஸ் காலேஜியன்ஸ்' இசைக்குழுவில்.

இசைக்கோர்ப்பை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. அக்காலத்தில் பிரபலமான பாட்டு ஒவ்வொன்றுக்கும் பதிப்பகங்கள் பொதுவான இசைக்கோர்ப்பை அச்சடித்து விற்றன. எந்த நடனக் குழுவும் வாங்கி வாசிக்கலாம். ட்ரம்பெட்டுக்கு ஒரு தாள், ட்ராம்போனுக்கு ஒரு தாள், சாக்ஸபோனுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக இருக்கும். கார்ட்டர் அவற்றைத் தரையில் பரப்பி, முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்: இந்த இடத்தில் ட்ரம்பெட் என்ன செய்கிறது, அதே நேரத்தில் சாக்ஸபோன் எங்கே நிற்கிறது? முழுக் குழுவின் இசையையும் ஒரே தாளில் அடுக்கி எழுதும் முறை அவருக்கு அப்போது தெரியாது. எனவே எழுதத் தொடங்கியபோதும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாளாகவே எழுதினார். மற்ற பகுதிகளை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய முடியும்.

1920களின் நடனக் குழுக்களில் பத்து முதல் பதினான்கு பேர் இருப்பார்கள். பித்தளை வாத்தியங்கள் ஒரு பக்கம், சாக்ஸபோன்கள் ஒரு பக்கம். ஒன்று கேட்க மற்றொன்று பதில் சொல்வதுபோல எழுதும் முறையை பிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் நிலைநிறுத்தியவர் டான் ரெட்மன். கார்ட்டர் அங்கிருந்து ஓரடி மேலே போனார். தேர்ந்த கலைஞர் ஒருவர் மனோதர்மமாக வாசிக்கும் ஒரு சுற்றை நான்கு சாக்ஸபோன்கள் ஒன்றுசேர்ந்து வாசித்தால் எப்படியிருக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. மேலே முதல் ஆல்டோ மெட்டைத் தாங்கும். மற்ற மூன்றும் அதற்குக் கீழே நெருக்கமான ஸ்வரங்களில், அதன் ஒவ்வொரு நெளிவிலும் கூடவே நெளிந்து, ஒரே இடத்தில் மூச்செடுத்து வரும். கேட்பவருக்கு நான்கு வாத்தியங்கள் என்று தோன்றாது. அகலமான ஒரே குரல் என்று தோன்றும். 1930இல் ஹெண்டர்சன் குழுவுக்கு அவர் எழுதிய 'கீப் எ சாங் இன் யுவர் சோல்' இந்த முறைக்குத் தொடக்ககால எடுத்துக்காட்டு. வாசிக்க இது எளிதல்ல. எழுதியவரே முதல் ஆல்டோ நாற்காலியில் உட்கார்ந்து அணியை நடத்தியதால்தான் பல குழுக்களில் சாத்தியமாயிற்று.

1931இல் ரெட்மன் விலகியதும் டெட்ராய்ட்டின் 'மெக்கின்னீஸ் காட்டன் பிக்கர்ஸ்' குழுவின் பொறுப்பு கார்ட்டரிடம் வந்தது. சிறுவயதில் கடையில் திருப்பிக் கொடுத்த ட்ரம்பெட்டும் இங்கேதான் திரும்பி வந்தது. குழுவிலிருந்த டாக் சீத்தம் கொடுத்த ஊக்கத்தில் எடுத்துப் பழகினார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய ட்ரம்பெட் வாசிப்பு இசைத்தட்டுகளில் ஏறிவிட்டது. உதடும் மூச்சும் முற்றிலும் வேறு விதமாக இயங்கும் இரண்டு வாத்தியங்களை இந்த உயரத்தில் ஒருவரே கையாண்டது ஜாஸில் அரிது.

1932இல் நியூயார்க்கில் சொந்தக் குழு தொடங்கினார். பியானோவில் டெடி வில்சன், டெனரில் சூ பெரி, டிரம்ஸில் சிட்னி கேட்லெட் என்று பின்னாளில் பெரிய பெயர்களானவர்கள் அதில் வாசித்தார்கள். 1933இல் பதிவான 'சிம்பனி இன் ரிஃப்ஸ்', 'லோன்சம் நைட்ஸ்' இரண்டிலும் சாக்ஸபோன் அணி எழுத்து முழுமை அடைந்துவிட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. கலைஞர்கள் மதித்த குழுவுக்கு வரும்படி இல்லை. 1934இல் அப்பல்லோ அரங்கின் புதியவர்கள் போட்டியில் எல்லா பிட்ஸ்ஜெரால்ட் என்ற பதினேழு வயதுப் பெண் வென்றபோது பக்கவாத்தியமாக இருந்தது கார்ட்டரின் குழு. அவளைக் கைதூக்கிவிடச் சிலரிடம் அவர் பரிந்துரைத்தும் உடனே பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு சிக் வெப் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. கார்ட்டரின் குழுவோ அதற்குள் கலைந்துவிட்டது.

வயிற்றுப்பாட்டுக்குப் பிறர் குழுக்களுக்கு எழுதினார். பென்னி குட்மன் 1934இல் பதிவு செய்த 'டேக் மை வேர்ட்' வேறொன்றுமில்லை, பெயர் மாறிய 'லோன்சம் நைட்ஸ்'தான். 1935 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலிஸின் பாலமார் அரங்கில் குட்மனுக்குக் கிடைத்த வரவேற்பிலிருந்து அமெரிக்காவில் ஸ்விங் அலை தொடங்கியதாக வரலாறு எழுதுபவர்கள் கணக்கு வைப்பார்கள். அந்த அலைக்கான வாய்க்காலை வெட்டியவர்களில் ஒருவர், அலை எழுந்த ஆண்டில் கப்பலேறி பாரிஸ் போய்விட்டார்.

பாரிஸில் வில்லி லூயிஸ் குழுவில் சேர்ந்தார். 1936இல் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. இதழாளர் லெனர்ட் ஃபெதரின் பரிந்துரையில் பிபிசி நடனக் குழுவுக்கு இசைக்கோர்ப்பாளர் ஆனார். தலைவர் ஹென்றி ஹால். வாரத்துக்கு மூன்று முதல் ஆறு கோர்ப்புகள் எழுதித் தர வேண்டும். அயல்நாட்டுக் கலைஞர்கள் பிரிட்டனில் மேடையேறி வாசிக்கக் கட்டுப்பாடு இருந்தது, எழுதுவதற்குத் தடையில்லை. உலகின் முதல்தர ஆல்டோ கலைஞர்களில் ஒருவர் மாதக்கணக்கில் மேசைக்கு முன் உட்கார்ந்து பிறருக்கு எழுதிக்கொண்டிருந்தது இப்படித்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் கதவு திறந்திருந்தது. 'நைட்ஃபால்' பதிவில் டெனர் வாசித்தார். 'வால்ட்சிங் த ப்ளூஸ்' பதிவில் நான்கு தட்டு நடையிலேயே ஓடிக்கொண்டிருந்த ஜாஸை மூன்று தட்டுக்கு மாற்றிப் பார்த்தார். எலிசபெத் வெல்ச் பாடிய 'வென் லைட்ஸ் ஆர் லோ' அந்த ஆண்டில் பிறந்ததே.

1937 கோடையில் நெதர்லாந்தின் கடற்கரை ஊரான ஸ்கேவனிங்கனில் பல நாட்டவரும், கறுப்பர் வெள்ளையர் இருவரும் சேர்ந்து வாசித்த குழு ஒன்றை நடத்தினார். அமெரிக்காவில் அன்று இப்படி ஒரு குழுவை மேடையேற்றுவது பெரும்பாடு. அதற்குச் சற்று முன், ஏப்ரல் 28 அன்று பாரிஸில் கோல்மன் ஹாக்கின்ஸ் தலைமையில் எண்மர் கூடினார்கள். ஹாக்கின்ஸும் அலிக்ஸ் கொம்பெலும் டெனர். கார்ட்டரும் ஆந்த்ரே எகியானும் ஆல்டோ. கிதாரில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். வயலினுக்குப் பெயர்போன ஸ்டெஃபான் கிராப்பெல்லி அன்று பியானோவில். 'ஹனிசக்கிள் ரோஸ்', 'கிரேசி ரிதம்' ஆகியவற்றை நான்கு சாக்ஸபோனுக்கும் கோர்த்தவர் கார்ட்டர். ஸ்விங் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் இசைத்தட்டாக அவை வெளிவந்தன.

1938இல் ஊர் திரும்பியபோது பெரிய குழுக்களின் சந்தை நிரம்பிவிட்டிருந்தது. ஹார்லெமின் சவாய் நடனக்கூடத்தில் 1939இலிருந்து குழு நடத்தினார். 1940இல் பதிவான 'ஆல் ஆஃப் மீ'யில் சாக்ஸபோன் அணிக்கு அவர் எழுதிய சுற்றை இன்றைக்கும் மாணவர்கள் கேட்டு எழுதிப் பழகுகிறார்கள். தட்டுகள் விற்கவில்லை. அவர் ஆரவாரம் செய்யத் தெரியாத தலைவர். வாசிப்பும் அப்படியே: முனகலோ கரகரப்போ கிடையாது, முன்பே உட்கார்ந்து எழுதிவைத்ததுபோலச் சீராக நகரும். ஆட வந்த கூட்டத்துக்கு அந்த நிதானம் கொஞ்சம் அதிகம். சார்லி பார்க்கர் வருவதற்கு முன் ஆல்டோவில் ஜானி ஹாட்ஜஸுக்கு இணையாகச் சொல்லப்பட்ட பெயர் கார்ட்டருடையது என்றாலும், ஹாட்ஜஸின் உருக்கத்தை அவரிடம் தேடிப் பயனில்லை.

1940களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறினார். டிசி கில்லெஸ்பி, ஜே. ஜே. ஜான்சன், மேக்ஸ் ரோச், மைல்ஸ் டேவிஸ் என்று அடுத்த தலைமுறையின் பீபாப் இசையை உருவாக்கியவர்கள் பலர் அந்தப் பத்தாண்டில் அவருடைய குழுக்களைக் கடந்து போனார்கள். 1942இல் அவர் கூட்டாக எழுதிய 'கவ் கவ் பூகி' வேறொரு குழுவின் தட்டில் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு 'ஸ்டார்மி வெதர்' படத்துக்கு எழுதவும் வாசிக்கவும் செய்தார்; திரையில் அந்த எழுத்துக்குப் பெயர் போடவில்லை. முழுநேரக் குழுவை 1946 வாக்கில் கைவிட்டபின் ஸ்டுடியோவே தொழிற்களமாயிற்று. ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் எழுத்து வேலையில் அதுவரை கறுப்பர்களுக்கு இடம் மிகக் குறைவு. நகரின் இசைக் கலைஞர் சங்கமே வெள்ளையருக்கு 47ஆம் கிளை, கறுப்பருக்கு 767ஆம் கிளை என்று பிரிந்து கிடந்தது. பட்டி காலெட் உள்ளிட்ட கலைஞர்கள் நடத்திய இணைப்பு முயற்சிக்கு கார்ட்டரின் மதிப்பு துணை நின்றது. 1953இல் இரு கிளைகளும் ஒன்றாயின. 1958இல் 'எம் ஸ்குவாட்' தொடரில் தொடங்கி ஏராளமான தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசை எழுதினார். சாரா வான், பெக்கி லீ போன்ற பாடகர்களுக்குக் கோர்ப்புகளும், 1960இல் கவுண்ட் பேசி குழுவுக்கு 'கான்சாஸ் சிட்டி சூட்' முழுவதும் இவர் எழுதியவை.

1961 நவம்பரில் பதிவான 'ஃபர்தர் டெஃபினிஷன்ஸ்' அவருடைய தட்டுகளில் முதலிடத்தில் வைக்கத்தக்கது. பாரிஸ் பதிவின் அதே அமைப்பு: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ். ஹாக்கின்ஸ் மறுபடியும் வந்தார். உடன் பில் வுட்ஸ், சார்லி ரவுஸ். 1937இன் அதே இரண்டு பாட்டுகளும் இடம்பெற்றன. இருபத்துநான்கு ஆண்டுகளில் ஜாஸ் எவ்வளவோ மாறியிருந்தும், நான்கு சாக்ஸபோனுக்கு அவர் எழுதிய முறை பழசாகவில்லை என்பதை இளையவர்களான வுட்ஸும் ரவுஸும் வாசித்துக் காட்டினார்கள்.

பின்னர் சில ஆண்டுகள் வாத்தியம் பெட்டியில்தான் அதிகம் இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் மோரோ பெர்கர் வகுப்பெடுக்க அழைத்தது திருப்பமாயிற்று. 1974இல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1976இல் 'த கிங்' இசைத்தட்டோடு மீண்டும் மேடைக்கு வந்தவர் எழுபது, எண்பது வயதுகளில் ஜப்பான், ஐரோப்பா என்று சுற்றினார். எழுபத்தொன்பது வயதில் 'சென்ட்ரல் சிட்டி ஸ்கெட்சஸ்', எண்பத்துநான்கில் 'ஹார்லெம் ரெனைசான்ஸ்' என்று நீண்ட படைப்புகள் வந்தன. 1996இல் கென்னடி மையக் கௌரவமும் 2000இல் தேசியக் கலைப் பதக்கமும் கிடைத்தன. தொண்ணூறு வயதை ஒட்டி வாசிப்பை நிறுத்திக்கொண்டார். 2003 ஜூலை 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தபோது வயது 95.

'வென் லைட்ஸ் ஆர் லோ' இன்றும் ஜாஸ் விடுதிகளில் அடிக்கடி ஒலிக்கிறது. 1953இல் அதைப் பதிவு செய்த மைல்ஸ் டேவிஸ், பாட்டின் நடுப்பகுதிக்கு கார்ட்டர் எழுதியிருந்த மெட்டை விட்டுவிட்டு, முதல் பகுதியையே வேறு சுருதிக்கு உயர்த்தி வாசித்தார். பின்வந்தவர்களில் பலர் அந்தத் தட்டைக் கேட்டே பாடம் செய்தார்கள். பாட்டில் நுணுக்கமான பகுதி கார்ட்டர் எழுதிய நடுப்பகுதிதான். அதைக் கேட்க 1936 லண்டன் பதிவு இருக்கிறது.