வழங்கிகளின் திறவுகோல் காக்கும் வன்பொருள்

இணைய வழங்கி தன் அடையாளத்தை நிறுவவும் மின்னொப்பம் இடவும் பயன்படுத்தும் இரகசியத் திறவுகோலைத் தன்னுள் வைத்துக் காக்கும் தனிக் கருவி வன்பொருள் பாதுகாப்புக் கருவி எனப்படும். விரலளவு யுஎஸ்பி டோக்கன், ஸ்மார்ட் அட்டை, வழங்கியுடன் இணைக்கப்படும் பெட்டி எனப் பல வடிவங்களில் இது கிடைக்கிறது. ஒப்பமிட வேண்டிய தரவு கருவிக்குள் செல்லும், ஒப்பம் மட்டும் வெளிவரும், திறவுகோல் வெளிவராது. எவரேனும் உடைத்துத் திறக்க முயன்றால் திறவுகோலை அழித்துவிடும் வகைகளும் உண்டு.

தோற்றமும் தேவையும்

எகிப்தில் பிறந்த அமெரிக்கப் பொறியாளர் முகமது அட்டல்லா, வங்கி வாடிக்கையாளர்களின் இரகசிய எண்களைக் காக்க 1970களில் "அட்டல்லா பெட்டி"யை உருவாக்கினார். வங்கிகளில் வேரூன்றிய இம்முறை பின்னர் இணைய வழங்கிகளுக்கும் வந்தது. திறவுகோலை வழங்கியின் நினைவகத்திலேயே வைப்பதன் ஆபத்தை, 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீடு வழு காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த இவ்வழுவால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட்டு வரை நினைவகத் தரவு கசிந்தது. அதில் இரகசியத் திறவுகோலும் அகப்படக்கூடும் என்பது சோதனைகளில் உறுதியானது.

டிஜிநோட்டார் நிகழ்வு

ஆனால் கருவி மட்டும் போதாது என்பது 2011இலேயே தெரிந்துவிட்டது. நெதர்லாந்தின் டிஜிநோட்டார், இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கிய நிறுவனம். அந்நாட்டு அரசும் அதன் சான்றிதழ்களைப் பயன்படுத்தியது. அதன் திறவுகோல்கள் பாதுகாப்புக் கருவியில்தான் இருந்தன. அவற்றைச் செயற்படுத்த ஸ்மார்ட் அட்டை தேவை. எனினும், ஒருமுறை செயற்படுத்தப்பட்ட திறவுகோலைக் கொண்டு வழங்கியிலுள்ள மென்பொருள் தானே ஒப்பம் பெற முடிந்தது. வழங்கிகளுக்குள் நுழைந்த ஊடுருவி திறவுகோலைத் திருடவில்லை. திருடத் தேவையும் இருக்கவில்லை. கருவியையே ஏவி, கூகுள் உள்ளிட்ட பெயர்களில் 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைப் பெற்றார். கூகுள் பெயரிலான போலிச் சான்றிதழ் ஈரானிய இணையப் பயனர்களை ஒற்றறியப் பயன்பட்டது. உலாவிகள் டிஜிநோட்டார் மீதான நம்பிக்கையை விலக்கின. அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது.

மனிதக் கட்டுப்பாடு

கருவியை ஏவும் உரிமையைப் பலரிடம் பிரித்துக் கொடுப்பதே இதற்கான தடுப்பு. இணையப் பெயர் முறைமையின் வேர்த் திறவுகோல் இவ்வாறே காக்கப்படுகிறது. 2010 சூன் 16 அன்று அமெரிக்காவின் வர்சீனியா மாநிலத்தில் உள்ள கல்பெப்பரில் இத்தகைய முதல் திறவுகோல் உருவாக்கப்பட்டது. கல்பெப்பர், கலிபோர்னியாவின் எல் செகுண்டோ ஆகிய இரு இடங்களிலும் இதற்கான கருவிகள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இடத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த எழுவர் பொறுப்பாளர்கள். அவர்களுள் குறைந்தது மூவர் கூடினால்தான் கருவி இயங்கும். ஒப்பமிடும் நிகழ்வு எவரும் காணும்படி ஒளிபரப்பாகிறது.

2020 பிப்ரவரியில் எல் செகுண்டோவில் பாதுகாப்புப் பெட்டகத்தின் பூட்டு பழுதானதால் இந்நிகழ்வு சில நாட்கள் தள்ளிப்போனது. பெட்டகத்தைத் துளையிட்டுத் திறந்த பின்னரே பொறுப்பாளர்கள் தங்கள் பணியைத் தொடர்ந்தனர்.