ரிப்போர்ட் சரி, ரோடு?

வங்கியில் ரோடு காண்ட்ராக்டர்களின் கடன் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தார் ரோட்டின் மேல் ஒரு கிறுக்கு. (பி.காம். படித்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்பது வீட்டம்மாவின் கேள்வி.) இங்கே நாக்பூரில் எங்கள் காலனி ரோடு முதல் மழைக்கே பெயர்ந்துவிட்டது. ஆனால் லேப் ரிப்போர்ட் சுத்தம். அது எப்படி? இதே கேள்வியில் அமெரிக்காக்காரர்கள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தக் கதை இது.

1939 வாக்கில் மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையில் இருந்த புரூஸ் மார்ஷல் ஒரு சோதனை கண்டுபிடித்தார். தாரும் ஜல்லியும் கலந்த கலவையை அச்சில் போட்டுச் சுத்தியலால் அடித்து, 60 டிகிரி சூட்டில் அமுக்கிப் பார்ப்பது. போர்க்காலத்தில் ராணுவம் விமான ஓடுதளங்களுக்கு இதை எடுத்துக்கொண்டது. உலகமெல்லாம் பரவியது.

லாரிகள் கனத்தன. சக்கரத்தடத்தில் ரோடு குழிந்தது. 1987-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்தாண்டு ஆராய்ச்சிக்கு 15 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 5 கோடி தாருக்கு மட்டும். பிறந்தது 'சூப்பர்பேவ்'. குழி குறைந்தது. ஆனால் பல இடங்களில் கலவையில் தார் போதாமல் வெடிப்பு வந்தது!

எனக்குப் பிடித்த இடம் அலபாமா. ஆபர்ன் பல்கலைக்கழகமும் தார் ரோடு போடும் கம்பெனிகளின் சங்கமும் 1986-ல் சேர்ந்து ஆரம்பித்த மையம், 2000-ல் 1.7 மைல் வட்டப் பாதை ஒன்றைத் திறந்தது. மாநில அரசுகள் பணம் கட்டி ஆளுக்கு 200 அடித் துண்டு எடுத்துக்கொண்டு, தங்கள் கலவையைப் போட்டன. பாரம் ஏற்றிய லாரிகள் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. பல வருஷத் தேய்மானம் இரண்டே வருஷத்தில் கண்ணுக்குத் தெரிந்தது.

ஏன் சேர்ந்தார்கள்? என் வங்கிப் புத்திக்கு எட்டியது இது: அரசு எழுதித் தந்த பக்குவப்படி போட்ட ரோடு கெட்டால், காண்ட்ராக்டர் கை கழுவிவிடலாம். 'குழியவும் கூடாது, வெடிக்கவும் கூடாது, கலவை உன் பொறுப்பு' என்றால் ரிஸ்க் அவர் தலைக்கு மாறும். எந்தச் சோதனையில், எந்த எண்ணில் பாஸ் என்பதை இருவரும் ஒத்துக்கொள்ளாமல் அவர் கையெழுத்துப் போடுவாரா? 2020-ல்தான் மாநிலங்களின் கூட்டமைப்பு இந்தச் 'சமநிலைக் கலவை' முறைக்குப் பொது நடைமுறை வெளியிட்டது.

நம் சாலை அமைச்சகத்தின் 2013 விதிப்புத்தகத்தில் மார்ஷல்தான், பக்கத்துக்கு 75 அடி. போன வாரம் ஒரு கோப்பில் அதே ரிப்போர்ட் வந்தது. பேப்பரில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.