ரேந்தை பின்னிய பள்ளிக்கூடம்

நாகர்கோவிலில் டதி ஸ்கூல் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். ஆனா அந்தப் பள்ளிக்கு இருநூறு வயசுக்கு மேலே ஆச்சு என்று சொன்னால், "அப்படியா?" என்பார்கள். பள்ளி தன் தொடக்கமாகச் சொல்லும் வருஷம் 1819. தென்திருவிதாங்கூரில் பெண் பிள்ளைகள் ஒரு இடத்தில் தங்கிப் படிக்கத் தொடங்கிய மிக ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. அந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பாடத்தைவிட, அங்கே பின்னப்பட்ட ரேந்தை. லேஸுக்கு நம்ம பக்கத்துப் பழைய பேர் அது. போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது.

முதலில் பின்னணி. லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அவரை அழைத்தவர் மயிலாடிக்காரரான வேதமாணிக்கம். 1809இல் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கியது. ரிங்கல்தௌபே 1816இல் போய்விட்டார். 1818 தொடக்கத்தில் சார்லஸ் மீட் வந்தார். ஆண்பிள்ளைகளுக்கான செமினரியைத் தொடங்கி நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். ராணி கௌரி பார்வதி பாய் இடம் கொடுத்தார், வயல் வாங்க 5000 ரூபாயும் கொடுத்தார். கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று 1817இல் ஆணையிட்டவரும் இந்த ராணிதான். ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் ஆதரவும் இருந்தது.

இதே லண்டன் மிஷன் அதே சமயத்தில் கரீபியன் பக்கம் டெமராராவுக்கு ஜான் ஸ்மித் என்பவரை அனுப்பியது. 1817இல் அவர் போய் இறங்கியதும், அடிமைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவேன் என்று அங்கிருந்த கவர்னர் மிரட்டினார். 1823இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது ஸ்மித்துக்கு மரண தண்டனை விதித்தார்கள். மன்னிப்புச் செய்தி வந்து சேருமுன் 1824இல் அவர் சிறையிலேயே செத்துப்போனார். ஒரே சங்கம், ஒரே காலம். அங்கே எழுத்துக்கே தடை. இங்கே அரசி நிலம் கொடுக்கிறார். அதற்காக இங்கே எல்லாம் சுமுகமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திருவிதாங்கூரிலும் அடிமைகள் இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள்.

பெண்கள் பள்ளிக்கு வருவோம். மீடின் மனைவி ஜொஹானா, தஞ்சாவூர் மிஷனரி ஹார்ஸ்ட்டின் மகள். 1819 கடைசியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். பள்ளியை இந்த இரண்டு பெண்களும் வளர்த்தார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு" என்ற பேச்சு எல்லாச் சாதியிலும் இருந்த காலம். சோறும் துணியும் கொடுத்துத் தங்கவைத்தால்தான் பிள்ளைகள் வருவார்கள். அதற்குப் பணம் வேண்டும். மார்த்தா மால்ட் தனக்குத் தெரிந்த கைவேலையைச் சொல்லிக்கொடுத்தார். திண்டு மேலே ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் ரேந்தை. வாசிப்பு, எழுத்து, கணக்கு, வேதபாடம், கூடவே தையலும் ரேந்தையும். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். வந்த காசில் பள்ளி நடந்தது.

அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ரேந்தை விற்ற காசைக் கொடுத்துச் சில பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. பிரிட்டிஷ் கரீபியனில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் வந்தது 1855இல். சட்டம் வருவதற்கு முன்னாலேயே நாகர்கோவிலில் ஒரு பெண் தன் விரலால் பின்னி, தன் விலையைத் தானே கட்டி வெளியே வந்திருக்கிறாள். ஒரு பள்ளியின் சாதனை என்று எதைச் சொல்வீர்கள்? எனக்கு இதைவிடப் பெரிசாக ஒன்று தோன்றவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தப் பிள்ளைகள் பலர், தோளை மூட உரிமையில்லாத சாதிகளில் பிறந்தவர்கள். சீமாட்டிகளின் உடுப்புக்கு ரேந்தை பின்னியவர்களுக்குத் தங்கள் மேலில் ஒரு துணி போடத் தடை. கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் போடலாம் என்று மன்றோ 1814இல் அனுமதித்திருந்தார். ஆனாலும் குப்பாயம் போட்டுச் சந்தைக்குப் போனவர்கள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1822இல் தொடங்கிய தோள்சீலைப் பிரச்சினை, 1859 ஜூலை 26இல் வந்த பிரகடனம் வரை நீண்டது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. பள்ளியில் படித்துக் குப்பாயம் போட்டுப் பழகிய பெண் ஊருக்குத் திரும்பும்போது அவளே ஒரு சவாலாக இருந்தாள். பலர் உபதேசியார்களைக் கட்டிக்கொண்டு ஊர்ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள்.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். பேச்சுத் தமிழ் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் பெண்கள் பள்ளி, அங்கேயும் ரேந்தை. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதியவரின் வீட்டில் நாகர்கோவில் தமிழும் ரேந்தையும் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

குறையையும் சொல்லவேண்டும். ஆண்களின் செமினரி 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு முன்பே, செமினரியில் வேலைபார்த்த ராபர்ட்ஸை சுவாதித் திருநாள் 1834இல் திருவனந்தபுரத்துக்கு அழைத்தார். அவர் தொடங்கிய பள்ளிதான் பிற்பாடு அங்கே பல்கலைக்கழகக் கல்லூரி ஆனது. பெண்களுக்கு இப்படி வழி திறக்க எவ்வளவு காலம் ஆச்சு பாருங்கள். நாகர்கோவிலில் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி வந்தது 1965இல். பெண் படிப்பு அத்தனை காலமும் நல்ல மனைவி, நல்ல தாய் என்ற வேலிக்குள்ளேதான் பெரும்பாலும் வைக்கப்பட்டிருந்தது. ரேந்தை வேலையும் முழுக்கப் புண்ணிய காரியம் கிடையாது. பிள்ளைகளின் உழைப்பில் நடந்த தொழில்தான் அது. விடுதலை வாங்கிக்கொடுத்தது, கண்ணையும் முதுகையும் வாங்கிக்கொண்டது.

பள்ளிக்கு இன்றிருக்கும் பெயர், பிற்பாடு இங்கே நெடுங்காலம் வேலைசெய்த ஜேம்ஸ் டதி என்ற மிஷனரியுடையது. மீட், மால்ட், டதி என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஜொஹானாவும் மார்த்தாவும்கூட பல இடங்களில் "மிசஸ் மீட்", "மிசஸ் மால்ட்" மட்டும்தான். ரேந்தை பின்னித் தன்னை மீட்டுக்கொண்ட பெண்ணுக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் கன்னியாகுமரி, ஏறக்குறைய 92 சதவீதம். நமக்கு அதில் பெருமை உண்டு, இருக்கட்டும். காரணம் கேட்டால் அரசர், மிஷனரி, தலைவர் என்று அடுக்குவோம். எல்லாம் சரிதான். இனிமே யாராவது கேட்டால் அந்தப் பட்டியலில் திண்டுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.